வாய்க்கால் வரைந்த எல்லை: கோபிசெட்டிபாளையத்தின் நகர வளர்ச்சியும் நஞ்சை நிலமும்

கொங்கு நாட்டு நகரங்களின் வரலாறு பெரும்பாலும் பஞ்சாலை, இருப்புப்பாதை, மின்சாரம் ஆகிய மூன்றையும் முன்வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலையும் 1930களில் கிடைத்த பைக்காரா மின்சாரமும் கோயம்புத்தூரை விளக்கப் பயன்படுகின்றன. திருப்பூருக்குப் பின்னலாடை போதுமானதாகிறது. கோபிசெட்டிபாளையம் இச்சட்டகத்துள் அடங்குவதில்லை. இந்நகருக்கு இன்றளவும் இரயில் நிலையம் இல்லை. முன்னர்ச் சத்தியமங்கலம் வட்டம் என வழங்கிய பகுதியின் தலைமையிடமாக விளங்கி, அலுவலகங்களாலும் பள்ளிகளாலும் மொடச்சூர்ச் சந்தையாலும் வளர்ந்த ஊர் இது, 1949இல் நகராட்சியானது. எனினும் இவை நகரம் ஏன் வளர்ந்தது என்பதற்கு விடை தருமேயன்றி, எந்தத் திசையில், எந்த நிலத்தின்மீது வளர்ந்தது என்பதற்கு விடை தருவதில்லை. அவ்விடையைப் பாசன வாய்க்கால்களில் தேட வேண்டும்.

பவானியாற்றின் குறுக்கே அமைந்த கொடிவேரி அணையிலிருந்து வலக்கரையில் தடப்பள்ளி வாய்க்காலும் இடக்கரையில் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து பாசனம் அளிக்கும் பரப்பு 24,504 ஏக்கர். தடப்பள்ளியின் நீர் பாயும் தாழ்நிலம் நஞ்சையாகவும், நீர் ஏறாத மேட்டுநிலம் புஞ்சையாகவும், குடியிருப்பு நத்தமாகவும் வகைப்பட்டன. நஞ்சையில் வீடு கட்டுவது வழக்கமன்று. வருவாய் தரும் நிலத்தை இழக்க உழவர் விரும்பவில்லை; ஈரமண்ணில் கடைக்கால் நிற்பதும் அரிது. ஆகவே ஊர்கள் மேட்டில் அமைந்தன. நகரின் வடக்கே பாரியூர்ப் பக்கம் வயல்வெளி நெடுங்காலம் வெளியாகவே நிலைத்ததற்கு இதுவே காரணம் எனலாம். திரைப்படங்களில் தமிழ்ச் சிற்றூரின் பொது அடையாளமாகப் பலமுறை காட்டப்பட்ட பசுமை, உண்மையில் ஒரு வட்டத் தலைநகரின் விளிம்பு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது கீழ்பவானித் திட்டம். 1948இல் தொடங்கி 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் நீளும் கால்வாய், தடப்பள்ளிக்குத் தெற்கே, அதனினும் உயரமான மட்டத்தில் வெட்டப்பட்டது. அதுவரை கிணற்றையும் மழையையும் நம்பியிருந்த மேட்டுநிலம் ஆயக்கட்டாயிற்று. திட்டத்தின் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். இவ்வளவு பரப்புக்கும் ஒரே பருவத்தில் நெல்லுக்கு நீர் தர இயலாது. எனவே ஆயக்கட்டு இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து நெல்லுக்கு நீர். மறுபாதிக்கு அடுத்த பருவத்தில் முறைவைத்து நிலக்கடலை, எள் முதலிய புஞ்சைப் பயிர்களுக்கு நீர். அடுத்த ஆண்டு முறை மாறும். அதாவது, ஒரே வயல் ஓராண்டு நெற்கழனியாகவும் மறு ஆண்டு புஞ்சைக் காடாகவும் விளங்குகிறது. நஞ்சை, புஞ்சை என்னும் சொற்கள் நிலத்தின் இயல்பைக் குறித்த நிலை மாறி, நீர்முறையின் ஆண்டுக் கணக்கைக் குறிக்கலாயின. நகர வரலாற்றாய்வுகள் இச்சொல்மாற்றத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

இதன் விளைவு பிற்கால நிலச்சட்டங்களில் வெளிப்படுகிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட 47-ஏ பிரிவு, திட்டப்பகுதிக்கு வெளியிலுள்ள வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற முன்னனுமதி வேண்டும் என்கிறது. நஞ்சையாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. தடப்பள்ளி ஆயக்கட்டுக்கு இப்பாதுகாப்பு தெளிவாகப் பொருந்தும். ஆண்டுக்கொருமுறை தன்மை மாறும் கீழ்பவானி வயலுக்கு அது அவ்வளவு தெளிவாகப் பொருந்துவதில்லை. பழைய வாய்க்காலின் நிலம் சொல்லால் காக்கப்படுகிறது. புதிய கால்வாயின் நிலத்துக்கு அச்சொல்லே ஐயத்துக்குரியது. சாலைகளை ஒட்டி நகரம் நீளும்போது மேட்டுநிலமே முதலில் மனையாவதை இப்பின்னணியில் காண வேண்டும்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்தப்பட்டன. இவ்விதிகள் மனையின் அளவு, சாலையின் அகலம், திறந்தவெளி ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. ஆனால் ஆயக்கட்டில் ஒரு மனைப்பிரிவு ஏற்படுத்தும் இழப்பு அந்த ஏக்கரோடு முடிவதில்லை. மதகிலிருந்து வரும் கொப்பு வாய்க்கால் பல வயல்களை வரிசையாகத் தொட்டுச் செல்வது. இடையில் ஒரு வயல் மனையாகி வாய்க்கால் தூர்ந்தால், கடைமடையிலுள்ளவர் தம் நிலத்தை விற்காமலே பாசனத்தை இழக்கிறார். பின்னர் அவர் நிலம் ‘தரிசு’ எனப்பட்டு, அடுத்த மனைப்பிரிவுக்குத் தகுதி பெறுகிறது. நகர விரிவாக்கத்தை விலையேற்றத்தால் மட்டும் விளக்கும் ஆய்வுகள் இச்சங்கிலியைத் தவறவிடுகின்றன.

பொறுப்பும் சிதறியே கிடக்கிறது. வாய்க்கால் நீர்வளத் துறைக்குரியது. நிலப்பதிவேடு வருவாய்த் துறைக்குரியது. பத்திரம் பதிவுத் துறைக்குரியது. மனைப்பிரிவு ஒப்புதல் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் உள்ளாட்சிக்கும் உரியது. இலக்கம்பட்டி போன்று நகராட்சியை ஒட்டிய பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தனி நிருவாகம் உடையவை. நகரமோ அவ்வெல்லைகளைக் கடந்து வளர்கிறது.

இத்துறைகளின் ஆவணங்களைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை உளங்கொள்ளுதல் வேண்டும். கொடிவேரிப் பாசனத்துக்கான நீர்திறப்பு அறிவிப்புகளில் 24,504 ஏக்கர் என்னும் எண் ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. அது நீர் பெறும் உரிமையின் அளவு. இன்று உழப்படும் நிலத்தின் அளவு அன்று. வாய்க்கால் ஓரங்களில் எழுந்துள்ள வீடுகளும் திருமண மண்டபங்களும் அவ்வெண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.