கறிக்கோழிக்கு வயது என்ன?

சூப்பர் மார்க்கெட் கோழியில் ருசி இல்லை என்ற புகார் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. நம் ஊரில் அதே புகார் பிராய்லர் கோழியின் மேல் விழுகிறது. புகார் சொன்ன கையோடு எல்லோரும் கேட்பது, அப்படியானால் நல்ல கறி எங்கே கிடைக்கும் என்பதுதான். கடையை மாற்றினால் கறியும் மாறிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. கறிக்கோழியின் நூறாண்டு வரலாறு அந்த நம்பிக்கைக்கு அதிகம் இடம் தரவில்லை. கறியின் தரம் பெரும்பாலும் கோழியின் இனத்தாலும் அது அறுபடும் வயதாலும் முடிவாகிறது. கடை அதற்குப் பிறகுதான் வருகிறது. சூப்பர் மார்க்கெட் செய்த கெடுதல் வேறு. எந்தக் கோழி வேகமாக வளர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் கை வைத்தது. பிறகு அந்தக் கோழியின் வயதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ளும் வழிகளையும் அடைத்துவிட்டது.

1920களுக்கு முன்பு அமெரிக்காவில் கறிக்கென்று கோழி வளர்ப்பது அபூர்வம். முட்டைக்காக வளர்த்தார்கள், வேண்டாத சேவல்களும் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளும்தான் கறியாயின. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழி இருந்தால் அது வசதியின் அடையாளம். 1923இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்ற ஊரில் செசிலி ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 வந்துவிட்டன. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, பிழைத்த 387 கோழிகளை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையில் கறிக்கே விற்றார். லாபம் நன்றாகவே இருந்ததால் அடுத்த ஆண்டு அவராகவே 1,000 குஞ்சுகள் வாங்கினார். அதே காலத்தில் மீன் ஈரல் எண்ணெயைத் தீவனத்தில் கலந்தால் வெயில் படாத கொட்டகையிலும் குஞ்சுகளின் கால் வலுவிழக்காது என்பது தெரிந்துவிட்டது. வைட்டமின் டி செய்த வேலை அது. அதோடு குளிர்காலம், முற்றம், வெயில் என்ற தடைகள் விலகின. தொழில் துறையின் கணக்குப்படி 1925இல் ஒரு கறிக்கோழி 112 நாள் வளர்ந்து ஒன்றேகால் கிலோகூட எட்டவில்லை. ஒரு கிலோ உயிர் எடைக்கு ஏறத்தாழ 4.7 கிலோ தீவனம் தின்றது.

அந்தக் கோழி கடைக்கு வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். இரத்தம் வடித்து, இறகு பிடுங்கியதோடு சரி. தலை, கால், குடல் எல்லாம் உடம்பிலேயே இருந்தன. சுகாதாரத்துக்கு அது நல்லதல்ல. ஆனால் வாங்குகிறவருக்கு அது ஒரு சாட்சி. நெஞ்செலும்பின் பின்முனையை விரலால் அழுத்தினால், இளசு என்றால் குருத்தெலும்பு வளையும். முற்றியது என்றால் அசையாது. சேவலாக இருந்தால் குதிமுள்ளின் நீளம் வயதைச் சொல்லும். காலின் செதில் வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் மீதியும் தெரியும். நம் கிராமங்களில் வெடக்கோழி பார்த்து வாங்குகிறவர்கள் செய்வதும் இதேதான். பொரிக்க இளசு, குழம்புக்கு முற்றியது என்று ஆளுக்குத் தக்கபடி கேட்டு வாங்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் மாட்டிறைச்சிக்கு ரேஷன் வந்ததால் அமெரிக்கர்கள் கோழிக்குத் திரும்பினார்கள். போர் முடிந்தால் அவர்கள் பழைய பழக்கத்துக்கே போய்விடுவார்கள் என்ற கவலை கோழித் தொழிலில் இருந்தது. அப்போது நாட்டின் மிகப் பெரிய மளிகைச் சங்கிலியான ஏ அண்ட் பி, அரசின் வேளாண் துறையும் பண்ணையாளர் அமைப்புகளும் உடன்வர, 'நாளைய கோழி' என்ற போட்டிக்குப் பணம் போட்டது. வான்கோழியைப் போல் நெஞ்சு அகன்ற கோழி வேண்டும் என்பது நோக்கம். எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட மெழுகில் ஒரு மாதிரியே செய்துவைத்தார்கள். மாநில அளவில், வட்டார அளவில் சலித்து எடுத்து, 1948இல் டெலவேரின் ஜார்ஜ்டவுனில் இறுதிச் சுற்று நடந்தது. 25 மாநிலங்களிலிருந்து வந்த முட்டைகளை ஒரே இடத்தில் பொரிக்கவைத்து, ஒரே தீவனத்தில் சுமார் 12 வாரம் வளர்த்து, அறுத்து, நிறுத்துப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ் வளர்த்த கலப்பினம் வென்றது. 1951இல் ஆர்கன்சாவில் நடந்த மறு போட்டியிலும் அவருடையதே முதலிடம். நெஞ்சின் பருமன், வளர்ச்சியின் வேகம், தீவனச் சிக்கனம், பொரிப்புத் திறன் ஆகியவற்றைச் சுற்றியே மதிப்பீடு சுழன்றது. கண்ணும் தராசும் தீர்ப்புச் சொன்ன அந்தப் போட்டியில் நாக்குக்கு வேலை இருக்கவில்லை. இன்றைய கோழியின் குறை அங்கேயே விதைக்கப்பட்டது என்பது என் கருத்து. சதி என்று ஒன்றும் இல்லை. கேட்டது கிடைத்தது, கேட்காதது போய்விட்டது.

எவ்வளவு கிடைத்தது என்பதற்கு 2014இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு சாட்சி. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி மரபுகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாள் அவற்றின் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்று, கவனிப்பு ஒன்று. எடை நாலரை மடங்குக்கும் மேல். நம் ஊரில் 'ஊசி போட்டு வளர்த்த கோழி' என்று சொல்கிறவர்களுக்கு இந்த மூன்று எண்களே பதில். ஹார்மோன் ஊசிக்கு அங்கே இடமே இல்லை. ஐம்பது ஆண்டு இனத்தேர்வு மட்டும்தான் வித்தியாசம். அந்த வதந்திக்கும் ஒரு வேர் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1940களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் இளஞ்சேவல்களின் கழுத்தில் டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோன் வில்லையைப் புதைத்தார்கள். 1959இல் அது கோழிகளுக்கு நிறுத்தப்பட்டது. வில்லை போய் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் பயம் போகவில்லை.

பயப்பட வேண்டிய மருந்து ஆன்டிபயாடிக். லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ் குழுவினர் 1948 வாக்கில் ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை கூடுதல் எடை போட்டன. அதிலிருந்து நோயில்லாத கோழிக்கும் மருந்து தீவனமானது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006இல் முழுவதுமாகத் தடுத்தது. இந்தியா கோலிஸ்டின் என்ற ஒரு மருந்தை 2019இல் தடை செய்தது. 2014இல் டெல்லி வட்டாரத்தில் சி.எஸ்.இ. (அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம்) என்ற அமைப்பு சோதித்த 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்தின் எச்சம் இருந்தது.

மறுபடி சமையலறைக்கு வருவோம். வயதுக்கு மீறி எடை போட்ட கோழி தன் கதையைக் கறியிலேயே எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சுக்கறியைத் தட்டில் வைத்துப் பார்த்தால் தசையின் போக்கிலேயே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். தசைநார் சிதைந்த இடத்தில் கொழுப்பு ஏறியதன் அடையாளம் அது. சில துண்டுகள் பச்சையாகவே கட்டைபோல் விறைத்திருக்கும், வெந்தாலும் சவுக்கு சவுக்கென்று இருக்கும். தொடைக்கறியில் எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரிவதை வேகாத இரத்தம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எலும்பு இன்னும் கெட்டிப்படாத வயதில் அறுத்ததால் மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்தது, அவ்வளவுதான். வளர்ந்த கோழியில் தசையை இணைக்கும் நார் இறுகி, இடையில் கொழுப்பும் சேர்ந்திருக்கும். அதனால்தான் குக்கரில் கூடுதல் விசில் கேட்கிறது, குழம்புக்கும் தன் சாற்றைக் கொடுக்கிறது. நாற்பது நாள் கோழிக்கு மசாலாதான் ருசி. அமெரிக்க ஆலைகளில் அறுத்த கோழியைப் பெரும்பாலும் குளிர்நீரில் முக்கி ஆறவைப்பதால் அது நீரையும் உறிஞ்சுகிறது. தலையும் காலும் போய், தோல் உரிந்து, எலும்பும் நீங்கிய துண்டு பிளாஸ்டிக் தட்டில் வந்தபோது நெஞ்செலும்பை அழுத்திப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

அந்த இழப்பை ஈடு செய்ய பிரான்ஸ் ஒரு வழி கண்டது. 1950களில் அமெரிக்கப் பாணிக் கோழி பிரெஞ்சுச் சந்தைக்குள் வந்தபோது லாந்த், லூவே பகுதி விவசாயிகள் பாரம்பரியத்தைச் சொல்லி அழுதுகொண்டிருக்கவில்லை; விதி எழுதச் சொன்னார்கள். 1960இன் வேளாண் சட்டத்தில் 'லேபிள் ரூஜ்' என்ற அரசு முத்திரை பிறந்தது. 1965இல் முதல் முத்திரை லாந்த் கோழிக்குக் கிடைத்தது. மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும். 81 நாளுக்கு முன்பு அறுக்கக் கூடாது. கொட்டகை 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு சதுர மீட்டருக்கு 11 கோழிதான். வெளியே மேய ஒரு கோழிக்கு 2 சதுர மீட்டராவது நிலம் வேண்டும். இவற்றைப் பண்ணைக்கும் கடைக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் வந்து சரிபார்ப்பார். சாதாரணக் கோழியோடு ஒப்பிட்டுச் சுவைச் சோதனையும் அவ்வப்போது நடக்கும். ஜார்ஜ்டவுனில் விட்டுப்போன நாக்கு இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இதைவிடக் கறாரான, பிரெஸ் என்ற பகுதியின் கோழிக்கு 1957இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது பணக்காரர் மேசைக்கு. லேபிள் ரூஜ் கோழி சாதாரண வீட்டு அடுப்புக்கு. பிரெஞ்சுக் குடும்பங்கள் முழுக்கோழியாக வாங்குவதில் பாதிக்கும் மேல் இந்த முத்திரையோடுதான் வருகிறது. அதில் பெரும்பகுதி விற்பது சூப்பர் மார்க்கெட்டில்தான். ஒரே அலமாரியில் இரண்டு வகைக் கோழியும் இருக்கின்றன; ஒன்றின் மேல் வயது எழுதியிருக்கிறது. கடை மாறாமலே கறி மாற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது விலை. பிராய்லர் இல்லாவிட்டால் கூலி வேலைக்காரர் வீட்டில் வாரம் ஒரு முறை கறி வெந்திருக்குமா? வெந்திருக்காது. அமெரிக்கக் கறிக்கோழி இன்று 47 நாளில் 2.9 கிலோ எட்டுகிறது, கிலோவுக்கு 1.8 கிலோ தீவனம் போதும். ஏழைக்குப் புரதம் கொடுத்த இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. இரட்டிப்பு நாள் வளரும் கோழி அதிகம் தின்னும், அதிக நிலம் கேட்கும் என்பதும் உண்மை. எல்லோரும் 81 நாள் கோழிக்கு மாறினால் தானியத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, குறைவாகச் சாப்பிடுங்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. பிரான்ஸிலேயே உணவகங்களிலும் கேண்டீன்களிலும் வெட்டிய துண்டாகப் போகும் கோழியில் மலிவான இறக்குமதி அதிகம். முத்திரை முழுக்கோழியைத்தான் காப்பாற்றியது. ஆனால் நான் கேட்பது மலிவுக் கோழியை ஒழிக்கச் சொல்லி அல்ல. அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர், கொடுத்த காசுக்கு உண்மையிலேயே வேறு கோழி வாங்குகிறாரா என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு இன்று விடை இல்லை. 'நாளைய கோழி' போட்டியில் வென்ற வான்ட்ரெஸின் பெயர் காப்-வான்ட்ரெஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் நிற்கிறது. அதன் காப் மரபு வென்காப் என்ற பெயரில் நம் பண்ணைகளுக்கு வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஜூவல் என்ற தீவன வியாபாரி 1930களில் தொடங்கிய முறையை ஒத்த ஒப்பந்த வளர்ப்பு, 1990களில் உடுமலை, பல்லடம் பக்கம் வேரூன்றியது: குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தரும், விவசாயிக்கு வளர்ப்புக் கூலி. பல்லடத்தில் சொல்லும் கொள்முதல் விலைதான் தெருமுனைக் கடையின் கரும்பலகையிலும் ஏறுகிறது. எனவே சூப்பர் மார்க்கெட்டை விட்டுத் தெருக்கடைக்குப் போவதால் கண்ணெதிரே அறுத்த புதுக்கறி கிடைக்கும். கோழி அதே நாற்பது நாள் கோழிதான். நாட்டுக்கோழி வாங்கினால் தப்பலாம் என்றால், அந்தப் பெயர் என்ன வயது, என்ன இனம் என்று உறுதி சொல்வதில்லை. பெங்களூரின் கிரிராஜா, ஹைதராபாத்தின் வனராஜா, சென்னையின் நந்தனம் கோழி எல்லாம் புறக்கடை வளர்ப்புக்காக அரசு நிறுவனங்கள் உருவாக்கிய நல்ல இனங்கள்; அவற்றையும் அவற்றின் தோற்றமுள்ள வேறு கலர் கோழிகளையும் கொட்டகையில் அடைத்து வளர்த்து, வாட்டி மஞ்சள் பூசிக் கொடுத்தால் வித்தியாசம் காண்பது கடினம். தோலின் மஞ்சள் நிறத்தை நம்ப வேண்டாம். மக்காச்சோளம் தின்றாலே அது வந்துவிடும். காலையும் குதிமுள்ளையும் பாருங்கள், நெஞ்செலும்பின் முனையை அழுத்துங்கள், உயிரோடு பார்த்து வாங்குங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் குழம்பு வையுங்கள். விலைக்கு அதைவிட ருசி வேறெதிலும் இல்லை.

பாக்கெட்டில் அடைத்த கோழியில் எடை, விலை, அடைத்த தேதி, உரிம எண் எல்லாம் அச்சாகின்றன. எந்த இனம், எத்தனை நாள் வளர்ந்தது என்று இரண்டு வரி கூடுதலாக அச்சிடப் பெரிய செலவில்லை. குஞ்சு இறங்கிய தேதி ஒவ்வொரு பண்ணையின் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டியது உணவுப் பாதுகாப்பு ஆணையம். அதுவரை கடைக்காரரிடம் நீங்களே கேளுங்கள்: "இந்தக் கோழிக்கு எத்தனை நாள்?"