அடுப்பு சூடாகாத அடுப்பும் அம்மா விரிச்ச பேப்பரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஈ ஓட்டிட்டு இருக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற ஒண்ணுமில்ல. போன வாரம் ஊருக்குப் போனப்ப (திண்டுக்கல்) நடந்த ஒரு சமாச்சாரத்தால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், நடுவுல நிறைய வரலாறு. பொறுத்துக்கோங்க மக்களே.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குள்ள நுழையறேன், அம்மா கேஸ் அடுப்புல தோசை ஊத்திட்டு இருக்காங்க. இதுல என்னடா விசேஷம்னு கேப்பீங்க. எங்க வீட்ல விசேஷம்தான். 2021ல கொரோனா வந்து போனதுலேர்ந்து அம்மாவுக்கு வாசனையே தெரியறதில்ல. சமையல் கேஸுக்குன்னு தனியா வாசனை கிடையாது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியணும்னுதான் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் பிடிச்ச சரக்கை அதுல கலக்கறாங்க. மூக்கே வேலை செய்யலைன்னா அந்த ஏற்பாடு எதுக்கு? அம்மா வீட்ல தனியா வேற இருக்காங்க. அதனால இனிமே இண்டக்‌ஷன் மட்டும்தான்னு சத்தியம் வாங்காத குறையா சொல்லிட்டுப் போயிருந்தேன்.

"இண்டக்‌ஷன் என்னாச்சும்மா?"

"அது பத்து நிமிசம் எரியுது, அப்புறம் கத்திட்டு நின்னுருது தம்பி. ரெண்டு வாரமா இதுலதான் பண்றேன். சொன்னா நீ அங்க உக்காந்து பதறுவ."

ரெண்டு வாரம்! தோசை தொண்டையில இறங்கல.

"நீ படிச்சது கரண்டு படிப்புதான? கொஞ்சம் என்னன்னு பாரேன்" அப்படின்னாங்க. படிச்சது என்னவோ ட்ரிபிள்-ஈ தான். முடிச்ச நாள்லேர்ந்து பொட்டி தட்டறேன்ங்கறது அம்மா கணக்குல வராது.

தண்ணி வெச்சுப் பாத்தேன். அம்மா சொன்ன மாதிரியே பத்து நிமிசத்துல 'ஈ'ன்னு ஒரு எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர், அப்புறம் அணைஞ்சு போச்சு. கூட வந்த புத்தகத்துல (அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்க) அந்த நம்பருக்கு நேரா, உள்ளே சூடு அதிகம்னு போட்டிருந்தது. பாத்திரம்தான் சூடாகும், அடுப்பு சூடாகாதுன்னு சொல்லித்தானேய்யா வித்தீங்க? அப்ப உள்ள என்ன சூடு? இதுக்குப் பதில் வேணும்னா கொசுவத்தியை நல்லா பின்னாடி சுத்தணும்.

1831. இரும்பு வளையத்துல ரெண்டு பக்கமும் கம்பி சுத்தி, ஒரு பக்கம் மின்சாரத்தைப் போட்டு எடுத்தா மறுபக்கக் கம்பியிலயும் ஒரு துடிப்பு வருதுன்னு மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சார். நம்ம பள்ளிக்கூடப் பாடம் அத்தோட நிக்கும். ஆனா அடுப்பு பிறந்தது 1855ல, பாரிஸ்ல. ஊசல் வெச்சு பூமி சுத்தறதைக் காட்டினாரே லியோன் ஃபூக்கோ, அவரேதான். ஒரு செப்புத் தட்டை மின்காந்தத்தின் ரெண்டு முனைக்கும் நடுவுல சுத்த விட்டார். காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் தட்டு சுத்த முரண்டு பிடிச்சது. வம்படியா சுத்தினா தட்டு சூடாச்சு. உலோகத்துக்குள்ளேயே சுழல் மாதிரி மின்சாரம் ஓடுது, அந்த ஓட்டமே சூடா மாறுது. சுழல் மின்னோட்டம்னு நாம சொல்றதைப் பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் ஃபூக்கோ மின்னோட்டம்னுதான் சொல்றாங்க.

கண்டுபிடிச்ச பிறகு ரொம்ப வருஷம் எஞ்சினியர்களுக்கு இது ஒரு தொல்லை. டிரான்ஸ்ஃபார்மர் நடுவுல இருக்கற இரும்பை முழுக் கட்டியா வைக்காம மெல்லிசு தகடா அடுக்கறதே இந்தச் சுழலை அறுக்கத்தான். அந்தத் தொல்லையையே வேலைக்கு வெச்சுக்கிட்டவங்க முதல்ல இரும்பு உருக்கறவங்க. 1900ல ஸ்வீடன்ல கெலின் இப்படி ஒரு உலையை ஓட விட்டார். சமையலுக்கும் 1900களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கி வெச்சாச்சு. அடுப்புதான் வரல.

1950களின் நடுவுல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவு ஊர் ஊரா கண்காட்சி போட்டு ஒரு வேடிக்கை காட்டினாங்க. அடுப்பு மேல நியூஸ்பேப்பர், அது மேல பாத்திரம். தண்ணி கொதிக்கும், பேப்பர் எரியாது. கூட்டம் வாயைப் பிளந்திருக்கும். ஆனா அந்த அடுப்பு கடைக்கே வரல.

ஏன் வரல? வீட்டுக்கு வர்ற மின்சாரம் நொடிக்கு ஐம்பது, அறுபது தடவைதான் முன்னும் பின்னுமா போய் வரும். பாத்திரம் சத்தமில்லாம நல்லா சூடாகணும்னா நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல போய் வரணும். அவ்வளவு வேகமா, அவ்வளவு பெரிய மின்சாரத்தைப் போட்டு எடுக்கற சுவிட்ச் சின்னதா, மலிவா கிடைச்சாத்தான் வீட்டு அடுப்பு. 1971ல வெஸ்டிங்ஹவுஸ் ஹூஸ்டன்ல ஒரு மாதிரியைக் காட்டினாங்க. கார் இக்னிஷனுக்காக வந்த டிரான்சிஸ்டர்களைப் போட்டு 25 கிலோஹெர்ட்ஸ் ஓட்டினாங்க. விலை பாத்திரங்களோட சேர்த்து 1500 டாலர்! 1973லேர்ந்து 1975 வரை செஞ்சாங்க. அப்புறம் அந்த வீட்டுச்சாமான் பிரிவையே வித்துட்டாங்க, அடுப்பும் அப்பீட்டு.

இதுக்கு மேலதான் எனக்குப் பிடிச்ச இடம். 1980களின் தொடக்கத்துல ஜெனரல் எலக்ட்ரிக்ல ஐஜிபிடின்னு ஒரு டிரான்சிஸ்டரை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெயந்த் பாலிகா. 1948ல சென்னையில பிறந்தவர், 1969ல ஐஐடி மெட்ராஸ்ல பி.டெக் முடிச்சவர். 2024ல ஃபின்லாந்து அவருக்கு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கொடுத்தது. காலேஜ்ல ஐஜிபிடி பத்திப் பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கியிருக்கேன். அது எங்க வீட்டு அடுப்படியில இருக்குன்னு எந்த வாத்தியாரும் சொல்லல. சின்னத் துளி மின்சாரத்துலயே திறந்து மூடும், ஆயிரம் வோல்ட்டையும் தாங்கும். அதோட விலை இறங்க இறங்க அடுப்பு விலையும் இறங்கிச்சு.

எங்க வீட்டுக்கு அது வந்த கதை தனிக் கூத்து. 2012 செப்டம்பர்ல மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான்னு மத்திய அரசு சொல்லிச்சு (2013 ஜனவரியில ஒன்பது, அடுத்த ஜனவரியில பன்னெண்டு ஆச்சு). ஊரே இண்டக்‌ஷன் வாங்க ஓடிச்சு, அப்பாவும் தீபாவளிக்கு ஒண்ணு வாங்கினார். அதே வருஷம்தான் சென்னைக்கு வெளிய பாதி நாள் கரண்ட் இல்லாத வருஷம். நான் பத்தாவது. கரண்ட் வந்ததும் தெருவே "வந்துருச்சு"ன்னு கத்தும், அம்மா குக்கரோட ஓடுவாங்க.

சரி, உள்ள சூடு எங்கேர்ந்து? அந்த ஐஜிபிடி ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் ஒரு கண நேரம் அரைகுறையா நிக்கும். அப்ப கொஞ்சம் மின்சாரம் வீண். நொடிக்கு இருபத்தஞ்சாயிரம் 'கொஞ்சம்' சேர்ந்தா? 1800 வாட்டுல நாலு சதவீதம்னு வெச்சாலும் 72 வாட். ஒரு குண்டு பல்பைப் பெட்டிக்குள்ள எரிய விட்ட மாதிரி. அதுபோக பாத்திரத்துச் சூடு கண்ணாடி வழியா கீழ இறங்கும். அதை வெளிய தள்ளத்தான் அடியில ஒரு ஃபேன்.

பிளக்கை உருவிட்டு, கால் மணி நேரம் விட்டு (உள்ள இருக்கற கெபாசிட்டர் அடிச்சா ஆள் காலி, விளையாடாதீங்க) அடுப்பைத் தூக்கினேன். அடியில மடிச்சு விரிச்ச தினசரி பேப்பர். சமையல் மேடை அழுக்காகக் கூடாதுன்னு அம்மா போட்டது. ஃபேன் அதை உறிஞ்சி, காத்து வர்ற ஓட்டையைத் தானே அடைச்சுக்கிட்டிருக்கு. திறந்தா இறக்கை பூரா எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும், ரெண்டு கரப்பான். கையால தள்ளினா பாதிச் சுத்துல நிக்குது. ஐஜிபிடிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவுல தடவியிருந்த பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிருது.

மிக்சி ரிப்பேர் கடை அண்ணன் செத்துப்போன ஒரு அடுப்புலேர்ந்து ஃபேன் கழட்டிக் கொடுத்தார். புது பேஸ்ட் தடவி, பிரஷ் போட்டுத் துடைச்சு, அடியில நாலு மூலைக்கும் உடைஞ்ச டைல்ஸ் துண்டு வெச்சு மேடையிலேர்ந்து கொஞ்சம் தூக்கி வெச்சேன். நாப்பது நிமிசம் கொதிக்க விட்டேன். நிக்கல.

அமெரிக்காக்காரன் பேப்பர் வேடிக்கையை அம்மாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப பேப்பரை மேல போட்டுக்கவா?"ன்னாங்க.

கண்ணாடிக்கு நடுவுல அடியில ஒரு சென்சார் இருக்கும்மா, பேப்பர் போட்டா அதுக்குப் பாத்திரத்துச் சூடு சரியாத் தெரியாது, உனக்கு வாசனை தெரியாத மாதிரின்னேன்.

"அப்ப வேணாம்"னு அந்தப் பேப்பரை மடிச்சு எடுத்துட்டுப் போய் பருப்பு டப்பாவுக்கு அடியில விரிச்சாங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழட்டி பரண் மேல வெச்சுட்டு வந்தேன்.