காட்டியதும் கட்டியதும்: இரண்டாம் பாக ஷூட்டர் விளையாட்டுகளில் முன்காட்சியின் இடம்

2003 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 காணொளி விளையாட்டுக் கண்காட்சியில் இரண்டு அறிவியல் புனைவு ஷூட்டர்களின் இரண்டாம் பாகங்கள் திரையேறின. ஒன்று பஞ்ஜி நிறுவனத்தின் 'ஹேலோ 2', மற்றது வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப் 2'. இரண்டு நிறுவனங்களும் சியாட்டலுக்குக் கிழக்கே, வாஷிங்டன் ஏரிக்கு அப்பால் அண்டை ஊர்களில் இயங்கியவை. இரு விளையாட்டுகளும் ஒன்றரை ஆண்டு கழித்து, 2004 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் வெளிவந்தன. 9ஆம் தேதி முதலாவது, 16ஆம் தேதி இரண்டாவது. அன்று மேடையில் காட்டப்பட்டதற்கும் பின்னர் கைக்கு வந்ததற்கும் உள்ள உறவுதான் இக்கட்டுரையின் பொருள்.

முன்காட்சியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது ஒன்றே: அது விளம்பரம், பல சமயம் ஏமாற்று. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பார்வையாளரின் இடத்திலிருந்து மட்டுமே விஷயத்தைப் பார்க்கிறது. முன்காட்சி ரசிகரை ஏமாற்றுவதைவிட ஆழமாக, உருவாக்குபவரைக் கட்டிப்போடுகிறது என்பது என் வாதம். கண்ணால் பார்த்து வியக்கத்தக்கவற்றோடுதான் அது அவரைக் கட்டுகிறது. ஒரு விளையாட்டை இருபது ஆண்டு வாழவைக்கும் பண்புகளோ பெரும்பாலும் கண்ணுக்குப் படாதவை. இரண்டாம் பாகங்களில் இந்தச் சிக்கல் கூடுதலாகக் கடிக்கிறது. முதல் பாகத்தை ஆடிய லட்சக்கணக்கானோர் முன்பே காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'இது புதிது' என்று காட்டியாக வேண்டும், 'இது அதுவேதான்' என்றும் காட்டியாக வேண்டும். இரண்டையும் சில நிமிடங்களில் காட்டப் படத்தைவிட எளிய வழி கிடையாது.

முதலில் ஹேலோ. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுடன் சேர்ந்து வந்த முதல் பாகம் அந்தக் கருவியையே நிலைநிறுத்தியது. இரண்டாம் பாகத்தின் 2003 முன்காட்சி கென்யாவின் எதிர்கால நகரமாகக் கற்பனை செய்யப்பட்ட நியூ மொம்பாசாவில் நடக்கிறது. முற்றுகையிடப்பட்ட தெருக்கள், காயம்பட்ட வீரர்கள், இரு கையிலும் ஆயுதம் ஏந்தும் நாயகன் மாஸ்டர் சீஃப், எதிரி ஓட்டிவரும் வாகனத்தின் மேல் பாய்ந்து அவனை வெளியே எறிந்துவிட்டு அதைக் கைப்பற்றும் காட்சி. பார்த்தவர்களை உறைய வைத்தது இவை மட்டுமல்ல, அந்தத் தெருக்களில் விழுந்த ஒளியும்தான். ஒவ்வொரு பொருளும் தன் நிழலைக் கூர்மையாக, அந்தக் கணத்திலேயே வீழ்த்தியது.

அந்த ஒளிமுறையின் உள்ளே போய்ப் பார்க்காமல் பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. ஸ்டென்சில் நிழல் எனப்படும் அந்த முறையில், விளக்கிலிருந்து பார்க்கும்போது ஒரு பொருளின் விளிம்பாகத் தெரியும் கோடுகளைக் கணித்து, அவற்றை ஒளியின் திசையில் பின்னோக்கி நீட்டி, அந்த நீட்சிக்குள் விழும் புள்ளிகளை இருட்டென்று குறிக்க வேண்டும். பொருள்கள் கூடக்கூட, விளக்குகள் கூடக்கூட, இந்த வேலை பெருகிக்கொண்டே போகும். 2004 ஆகஸ்டில் வந்த 'டூம் 3' இதே முறையில் இயங்கியது. ஆனால் அதன் செவ்வாய்க் கிரக நிலையம் இருண்ட குறுகிய தாழ்வாரங்களால் ஆனது, ஒரு நேரத்தில் எதிரே வருவதும் ஓரிரு உருவங்களே. ஹேலோவின் இயல்பு இதற்கு நேர் எதிர். திறந்த வெளி, தூரத்து மலைச்சரிவு, பத்துப் பன்னிரண்டு எதிரிகள், ஓடும் வாகனங்கள் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரும். 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும், படத்துக்கும் கணக்குக்கும் பொதுவாக 64 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு பெட்டியில் இரண்டையும் சேர்த்து ஓட்ட வழியில்லை. மேடையில் ஓடியதே தட்டுத்தடுமாறித்தான். கண்காட்சி முடிந்ததும் அந்த ஒளிமுறையும், அதற்கென வரைந்த தெருக்களும் கைவிடப்பட்டன. பணியாற்றியவர்கள் பின்னாளில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

கைவிட்டதில் தவறில்லை. காலம்தான் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் 2000இல் பஞ்ஜியை வாங்கியிருந்தது. வெளியீட்டு நாள் நிறுவனத்தின் கையில் இருந்தது, படைப்பாளிகளின் கையில் இல்லை. எஞ்சிய மாதங்கள் ஓய்வு ஒழிச்சலற்ற உழைப்பில் கரைந்தன. அதற்கு விலையாகப் போனது கதையின் முடிவு. பூமியில் நடக்கவிருந்த இறுதிப் பகுதி வெட்டப்பட்டு, நாயகன் பூமியை நெருங்கும் இடத்தில் விளையாட்டு அறுந்து நின்றது. வெளியான முதல் நாளிலேயே 12.5 கோடி டாலருக்கு விற்ற படைப்பு அது. அதை வாங்கியவர்கள் கதை முடிவதைப் பார்க்க 2007 செப்டம்பர் வரை, மூன்றாம் பாகம் வரும்வரை, காத்திருந்தார்கள். இந்த வெட்டு முன்காட்சியால் மட்டுமே நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. திட்டத்தின் அளவே அந்தக் குழுவின் கைக்கு மீறியதாக இருந்தது. ஆனால் ஒரு தெருவின் வெளிச்சத்துக்காகச் செலவான மாதங்கள் கதையின் கடைசி அங்கத்துக்குக் கிடைக்காமல் போயின என்பதும் உண்மை. உழைத்தவர்களின் உடலும் உறக்கமும் இதற்குள் அடக்கம். அந்தக் கணக்கு எந்த விற்பனை அறிக்கையிலும் வருவதில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முன்காட்சியே கண்டுபிடிப்புக் களம் அல்லவா? இரு கையில் ஆயுதம், எதிரியின் வாகனத்தைக் கைப்பற்றுதல், குறிபார்க்கும் கண்ணாடியுள்ள துப்பாக்கி என அங்கே காட்டப்பட்ட புதுமைகள் பலவும் இறுதிப் படைப்பில் இருக்கின்றனவே? இருக்கின்றன. இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளும்போதுதான் வாதம் கூர்மை அடைகிறது. பிழைத்தவை எவை என்று வரிசையாகப் பார்த்தால் அவை அனைத்தும் விதிகள்: வீரர் என்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும் என்பவை. ஒளி, தெரு, வசனத்தோடு இழைத்த அந்தக் குறிப்பிட்ட நிகழ்வரிசை போன்ற படங்களெல்லாம் அழிந்தன. கைப்பற்றும் விதியை எந்தத் தெருவிலும் நட்டு வளர்க்கலாம். அந்தத் தெருவை வேறெங்கும் கொண்டுபோக முடியாது.

ஹேலோ 2இன் நிலைத்த சாதனை அந்த மேடையில் தலைகாட்டவே இல்லை என்பது இன்னும் முக்கியம். எக்ஸ்பாக்ஸ் லைவ் இணையச் சேவை 2002 நவம்பரில்தான் தொடங்கியிருந்தது. அதுவரை இணையத்தில் ஆட விரும்பியவர் சர்வர் பட்டியல் ஒன்றைப் பார்த்து, இடம் காலியாக இருப்பதைத் தேடி நுழைய வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஆடுவதென்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுபடி தேடிக் கூட வேண்டும். மேக்ஸ் ஹோபர்மன் தலைமையிலான சிறு குழு இதைத் தலைகீழாக்கியது. நண்பர்கள் முதலில் ஒரு குழுவாகக் கூடுகிறார்கள், எவ்வகை ஆட்டம் என்று மட்டும் சொல்கிறார்கள். நிகர் திறமையுள்ள எதிரணியைக் கருவியே தேடித் தருகிறது, ஆட்டம் முடிந்தாலும் குழு கலைவதில்லை. இன்று எந்த இணைய ஷூட்டரைத் திறந்தாலும் இந்த ஏற்பாடுதான். பெரும் வாகனப் போராக முதலில் திட்டமிட்டிருந்த பலர் ஆடும் பகுதி கைவிடப்பட்ட பிறகு, இந்தச் சிறு குழுவின் வேலையே அதன் மையமாயிற்று. ஒரு பட்டியலையும் ஒரு காத்திருப்புத் திரையையும் கண்காட்சி மேடையில் காட்டி யாரையும் ஆர்ப்பரிக்க வைக்க முடியாது. முன்காட்சியின் கட்டு அதன்மேல் விழாததாலேயே அது ஒழுங்காக வளர்ந்தது என்றே நான் கருதுகிறேன். பழைய எக்ஸ்பாக்ஸுக்கான இணையச் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டபோது, இணைப்பு அறுந்துவிடக் கூடாதென்று கருவியை அணைக்காமலே சிலர் மே மாதம் வரை ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்தார்கள். நியூ மொம்பாசாவின் நிழல்கள் அவர்களை அங்கே பிடித்து வைத்திருக்கவில்லை.

ஹாஃப்-லைஃப் 2இன் கதை வேறு விதம். அதன் முன்காட்சியும் படத்தால் மயக்கியது. தசைகள் அசையும், ஜி-மேன் என்ற பாத்திரத்தின் முகத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் நடுப்பகுதி இயற்பியலைப் பற்றியது. எடை, மிதப்பு, மோதல் ஆகியவற்றுக்கேற்ப நடந்துகொள்ளும் பீப்பாய்களும் பலகைகளும் மேடையில் ஏறின. கையால் தொடாமல் பொருளைத் தூக்கி எறியும் கருவியும் உடன் வந்தது. அதாவது இங்கே காட்டப்பட்டதே விதி. இறுதிப் படைப்பில் அந்தக் கருவி ஈர்ப்புத் துப்பாக்கியாகி, ரேவன்ஹோம் என்ற ஓர் ஊரையே தாங்கி நிற்கிறது.

வால்வ் செய்த பிழை, வெளியீட்டு நாளைச் சொன்னது. 2003 செப்டம்பர் 30 என்று அறிவித்தார்கள். அந்த நாளுக்கு ஒரு வாரமே இருக்கையில்தான் தள்ளிப்போகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில நாட்களில், அக்டோபர் தொடக்கத்தில், நிறுவனத்தின் வலைக்குள் ஊடுருவிய ஒருவர் மூலம் மூல நிரல் இணையத்தில் கசிந்தது. எவ்வளவு வேலை மிச்சமிருக்கிறது என்பதை உலகமே பார்த்துவிட்டது. எனினும் வால்வ் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தில் இயங்கியதால் கடிகாரம் அதன் கையில் இருந்தது. ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு கதையை அது நினைத்த இடத்தில் முடித்தது. ஒரே கண்காட்சி, ஒரே மாதம். ஒன்றில் நாள் உறுதியாக நின்றது, கதை உடைந்தது. மற்றதில் நாள் உடைந்தது, கதை நின்றது.

கடிகாரம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? 1997இல் அறிவிக்கப்பட்ட 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' இதற்குப் பதில். 1998இலும் 2001இலும் இ3இல் அதன் காட்சிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பம் முந்திக்கொண்டு போக, அதைத் துரத்தி எஞ்சினை மாற்றினார்கள். 2011 ஜூனில் அது வெளிவந்தபோது அதற்காகக் காத்திருந்த தலைமுறை வளர்ந்து விலகிவிட்டிருந்தது. 'கில்ஸோன் 2' இன்னொரு எல்லை. 2005 இ3இல் காட்டப்பட்டது விளையாட்டே அல்ல, முன்கூட்டியே வரைந்து ஓடவிட்ட படம். ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா நிறுவனம் அந்தப் படத்தை எட்டிப் பிடிக்க 2009 பிப்ரவரி வரை உழைத்தது. தோற்றத்தில் ஏறக்குறைய எட்டியும் விட்டது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு இன்றும் படத்துக்கு நிகராக வந்ததா இல்லையா என்பதையே சுற்றுகிறது. அதில் ஆடுவது எப்படியிருக்கிறது என்ற கேள்விக்கு வந்து சேருவதில்லை.

எதையும் காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. நின்டெண்டோ 2017 ஜூனில் 'மெட்ராய்டு பிரைம் 4' வருகிறது என்று சொல்லி எண்ணும் பெயரும் மட்டுமே காட்டியது. 2019 ஜனவரியில், வேலை தாங்கள் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை, முந்தைய பாகங்களைச் செய்த ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் கொடுத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று அறிவித்தது. விளையாட்டு 2025 டிசம்பரில் வெளிவந்தது. காத்திருப்பு நீண்டதுதான். ஆனால் காட்டிய படம் எதுவும் இல்லாததால், கைவிட வேண்டிய படமும் இல்லை. முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நேர்மையாகச் சொல்ல அந்த வெறுமை இடம் தந்தது. ஆய்வாளர்கள் இந்த அறிவிப்பை வெறும் செய்தியாகக் கடந்துபோகாமல், உருவாக்க முறை பற்றிய ஓர் ஆவணமாகப் படிக்க வேண்டும்.

அப்படிப் படிப்பதற்குத் தடையாக இருப்பது சான்றுகளின் நிலை. முன்காட்சிகளில் பெரும்பாலானவை ஒளிப்பதிவாக மட்டுமே எஞ்சியுள்ளன. இயங்கும் வடிவம் அழிந்துவிட்டது, அல்லது நிறுவனங்களின் கிடங்கில் அடைந்து கிடக்கிறது. இ3 கண்காட்சியே 2023 டிசம்பரில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தச் சூழலில் 2024 நவம்பர் 9 அன்று, ஹேலோ 2இன் இருபதாம் ஆண்டு நிறைவில், டிக்சைட் என்ற தன்னார்வலர் குழு மைக்ரோசாஃப்டின் ஒத்துழைப்போடு அந்த 2003 முன்காட்சியைப் பழைய கோப்புகளிலிருந்து மீட்டு, இன்றைய கணினியில் ஆடும்படி சீரமைத்து வெளியிட்டது. இது ரசிகர்களின் ஏக்கத்துக்குக் கிடைத்த பரிசு மட்டுமல்ல. ஒரு படைப்பின் வாக்குறுதியையும் நிறைவேற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்க்கும் வாய்ப்பு நம் துறைக்கு அரிதாகவே வாய்க்கிறது. எந்த விதி இரண்டிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும், எந்த அசைவு வீரரின் தெரிவால் நிகழ்கிறது, எது எழுதிவைத்த நிகழ்வரிசை என்றெல்லாம் இனி ஒளிப்பதிவை வைத்து ஊகித்துப் பேச வேண்டியதில்லை. மற்ற நிறுவனங்களும் தங்கள் கிடங்குகளை இப்படித் திறக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்க வேண்டும், அதுவும் அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்தவர்கள் பணியில் இருக்கும்போதே.