பெட்டிக்குள் கிடந்த வரிசை

கறுப்பு வெள்ளைப் படம் எண்டால் எங்கட ஆக்கள் பெரிதாக்கிச் சட்டம் போட்டதைத்தான் நினைப்பினம். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின தாளைப் பற்றி. கழுவின 35 மி.மீ. பிலிமை ஆறாறு படமாக வெட்டி, இருட்டறையில் போட்டோத் தாளுக்கு மேலே வைத்து, கண்ணாடியால் அமத்தி, கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் 36 படமும் முத்திரை அளவில் ஒரே தாளில் விழும். இதுதான் கொன்ராக்ட் ஷீற். பெரிதாக்க வேண்டியதைச் சிவப்புப் பென்சிலால் குறித்தபின் தாளை மூலையில் போட்டுவிடுவார்கள். இருட்டறை வேலை பழகியவன் எண்டபடியால் சொல்கிறேன், கலை அந்தத் தாளில்தான் கூட இருக்குது. படம் எடுத்தவர் எங்கே நிண்டார், எப்போது கிட்டப் போனார், எதை வேண்டாமெண்டு விட்டார், எல்லாம் தெரியும்.

ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தை (1936-1939) மூன்று பேர் இப்படி றோல் றோலாக எடுத்தார்கள். ஹங்கேரியில் பிறந்த றொபேர்ட் காப்பா, ஜேர்மனியில் பிறந்த கெர்டா தாரோ, போலந்தில் பிறந்த 'சிம்' எனும் டேவிட் சீமோர். மூவரும் யூதர், பாரிசுக்கு வந்து சேர்ந்தவர்கள். தாரோ 1937 யூலையில் போர்முனையில் இறந்தபோது வயது 26. ஜேர்மன் படை பாரிசை நெருங்கிய காலத்தில் பிலிம்கள் காணாமற் போயின. 2007இல்தான் மெக்சிக்கோவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 நெகட்டிவ்கள் நியூயோர்க் வந்தன. காப்பாவின் பெயரில் வந்த சில படங்கள் தாரோ எடுத்தவை எண்டு அப்போதுதான் தெளிவானது. பாவம், அந்தப் பெண்ணுக்கு எழுபது வருசம் பிந்தித்தான் பெயர் கிடைத்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது சிம் எடுத்த ஒரு தாய். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அண்ணாந்து பார்க்கிறாள். குண்டு விமானத்தைக் கண்டு பயந்து நிற்கிறாள் எண்டே பலர் நம்பினார்கள். வரிசையைப் பாருங்கோ. அக்கம்பக்கப் படங்களில் சனம் கூடி நிண்டு பேச்சுக் கேட்குது. அது எக்ஸ்திரமதூராவில் நடந்த காணிப் பங்கீட்டுக் கூட்டம். யுத்தம் தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன. தனிப் படமாக வெட்டி எடுத்ததால் நம்பிக்கை பயமாகிப் போச்சு.

அதே பெட்டியில் 1939 மார்ச்சில் காப்பா எடுத்தவையும் உண்டு. தோற்றுப்போன ஸ்பானிய அகதிகளைப் பிரெஞ்சுக் காவலர் லெ பார்க்கரே கடற்கரை மணலில் முகாமுக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அந்தப் படங்களை நான் ஒவ்வொன்றாய்த்தான் பார்ப்பேன், தாண்டிப் போறதில்லை. எங்களிலும் எத்தனையோ பேர் அப்படி வரிசையில் நிண்ட ஆக்கள்தானே.