முப்பது சதவீதத்தின் கதை

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள்தான். விற்ற காசில் 70 சதவீதம் செயலி செய்தவருக்கு, 30 ஆப்பிளுக்கு. அன்றைக்கு அது நல்ல பேரமாகவே தெரிந்தது. அதற்கு முன் செல்போனில் ஒரு கேம் விற்க, தொலைபேசி கம்பெனிகளின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். பின்னால் வந்த கூகுளும் இதே 70-30 கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது.

காமர்ஸ் மாணவனாக ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 100 ரூபாய்க்குச் சந்தா விற்கிறீர்கள், செலவு 80, லாபம் 20. கமிஷன் 30 என்றால் 10 ரூபாய் நஷ்டம்! ஏனென்றால் கமிஷன் லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் பிடிக்கப்படுகிறது. பாதுகாப்புச் சோதனைக்கும் சர்வருக்கும் செலவாகிறது என்கிறார்கள் கடைக்காரர்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் செலவு எவ்வளவு, விலை எவ்வளவு என்று பேரம் பேச எதிரில் இன்னொரு கடை வேண்டுமே?

அமெரிக்காவில் எபிக் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 13 அன்று ஃபோர்ட்நைட் விளையாட்டில் தன் சொந்தக் கட்டண வழியை வைத்தது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அதைத் தூக்கிவிட்டன. எபிக் கோர்ட்டுக்குப் போனது. அமெரிக்க ஐபோன்களுக்கு அந்த விளையாட்டு திரும்பியது 2025 மே மாதம்!

நம் ஊர்க் கதையும் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. (2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைச் சுமார் 216 கோடியாகக் குறைத்தது.) வெளியார் கட்டண வழியையும் அனுமதிக்கச் சொன்னது. கூகுள் அனுமதித்தது, ஆனால் அந்த வழியில் போனாலும் 11 அல்லது 26 சதவீதம் கட்ட வேண்டும். சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றன. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு தரவில்லை. மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உட்படப் பல செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பின. திருப்பிக் கொண்டுவந்தது தீர்ப்பு அல்ல, பேச்சுவார்த்தை.

என்னைப் பொறுத்தவரை சிக்கல் முப்பதா பதினைந்தா என்பதில் இல்லை. கதவை மூட ஒரு நாள் போதும், திறக்கச் சொல்லி வழக்காட வருடங்கள் ஆகின்றன. அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க எபிக்கிடம் பணம் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஒரு சின்னக் கம்பெனியிடம் இருக்குமா?