உஸ்மானியா சர்வகலாசாலையும் உருது மொழியும்

உயர்தரக் கல்வியை ஆங்கிலத்திற் கற்பிப்பதா, நாட்டு மொழியிற் கற்பிப்பதா என்னும் வாதம் எழும்போதெல்லாம், "நாட்டு மொழிகளில் சாஸ்திரங்களைப் போதிக்கச் சொற்கள் ஏது? புத்தகங்கள் ஏது?" என வினவுவோர் பலர். அன்னோர் ஹைதராபாத் சமஸ்தானத்தின் சரித்திரத்தைச் சற்றே நோக்குவாராக.

அங்கே 1884 முதல் உருதுவே அரசாங்க பாஷையாக விளங்கிற்று. 1917 இல் அக்பர் ஹைதரி நிஜாமுக்குச் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் பயனாக, 1918 இல் உஸ்மானியா சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டது. அது சுதேச பாஷையொன்றைப் போதனா பாஷையாகக் கொண்ட நவீன சர்வகலாசாலை. எனினும் ஆங்கிலம் விலக்கப்படவில்லை. மாணாக்கர் அதனைக் கட்டாய பாடமாகக் கற்றனர். மேல்நாட்டு ஆராய்ச்சிகளை அறிதற்கு அம்மொழி இன்றியமையாதது என்பதை ஸ்தாபகர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

புத்தகமில்லையென்று அவர்கள் கைகட்டி நிற்கவுமில்லை. வகுப்புகள் 1919 இல் தொடங்குமுன்னரே மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்று மௌல்வி அப்துல் ஹக்கின் தலைமையில் வேலை தொடங்கிவிட்டது. சரித்திரம், தத்துவம், கணிதம், ரஸாயனம், வைத்தியம் முதலிய துறைகளில் நூற்றுக்கணக்கான நூல்கள் உருதுவில் வெளிவந்தன. கலைச்சொற்களை அரபு மொழியினின்று ஆக்குவதா, உருதுவின் இயல்புக்கேற்ப ஹிந்திச் சொற்களையும் கூட்டி ஆக்குவதா என்று பண்டிதர்கள் கடுமையாக வாதிட்டனர். வஹீதுத்தீன் ஸலீம் இது பற்றித் தனி நூலே இயற்றினார். வடமொழியா தனித்தமிழா என்று நம் நாட்டில் நிகழ்ந்த பூசலை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

ஆகவே சொற்பஞ்சம் என்னும் ஆக்ஷேபம் அங்கே பொய்த்தது. குறை வேறோரிடத்தில் இருந்தது. அச்சமஸ்தானத்துக் குடிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தெலுங்கர், கால்பங்கினர் மராத்தியர், கன்னடம் பேசுவோரும் பலர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்கினர் அளவினரே. தெலங்காணத்துக் குடியானவன் மகனுக்கு ஆங்கிலமும் அயல்மொழி, உருதுவும் அயல்மொழி. சுதேச பாஷை என்ற பெயரால் அவன் இரண்டு சுமைகளைத் தாங்கினான். இக்குறையை அக்காலத்தில் உஸ்மானியாவைப் புகழ்ந்தோர் பெரும்பாலும் கருதினாரல்லர். அரசனுடைய மொழியைக் குடிகளின் மொழியென எண்ணிவிட்டனர் போலும்.

1948 செப்டம்பரில் நிஜாமின் ஆட்சி வீழ்ந்தது. அதனையடுத்து உருது போதனா பாஷையென்னும் ஸ்தானத்தை இழந்தது. முப்பதாண்டு உழைப்பில் விளைந்த பாடநூல்கள் வகுப்பறைகளை விட்டு அகன்றன. அந்த ஸ்தானம் தெலுங்குக்கோ, மராத்திக்கோ, கன்னடத்துக்கோ கிட்டவில்லை. ஆங்கிலமே அதிற் கொண்டுவந்து அமர்த்தப்பட்டது. 1956 இல் அந்நாடு மொழிவாரியாக மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னரும், அங்கே விஞ்ஞான உயர்வகுப்புகளில் ஆங்கிலமே நிலைத்தது.