பூசும் எண்ணெயும் பரிசுத்த தைலமும்



நம் சபையார் சிலருடைய இல்லங்களில் அண்மைக் காலமாகச் சிறிய கருநிறக் குப்பிகளைக் காண்கிறேன். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, இலவங்கப்பட்டை ஆகியவற்றின் சாரங்கள் அடங்கிய இவை ‘வேதாகம எண்ணெய்’ என்று விற்கப்படுகின்றன. மோசே செய்த முறைப்படியே ஆனவை, மூட்டுவலிக்குத் தேய்த்துப் பிடித்துவிட ஏற்றவை என்று சொல்லப்படுகிறது. அந்த முறையை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அளவுகள் துல்லியமாக உள்ளன: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அவற்றோடு ஒரு குடம் ஒலிவ எண்ணெய். ஒரு சேக்கலை ஏறத்தாழ 11 கிராம் எனக் கொண்டால் நறுமணப் பொருள்கள் மட்டுமே 16 கிலோவைத் தாண்டும். ஆசாரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் ஆசாரியர்களும் இதனால் அபிஷேகம்பண்ணப்பட்டார்கள். அடுத்து வருவதைத்தான் குப்பி விற்பவர்கள் சொல்வதில்லை. இந்தத் தைலத்தைச் சாதாரண மனிதரின் சரீரத்தில் வார்க்கலாகாது, இதைப்போல் வேறொன்றைச் செய்யவும் கூடாது என்று 32, 33ஆம் வசனங்கள் தடுக்கின்றன. உடம்பில் தேய்ப்பதற்கென்று நமக்கு விற்கப்படுவது, உடம்பில் தேய்க்கக்கூடாது என்று வேதம் விலக்கிவைத்த அதே கலவை!

அப்படியானால் வியாதியஸ்தருக்குப் பூசப்பட்டது எது? ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்கும் விளக்குக்கும் இருந்த ஒலிவ எண்ணெய்தான். நல்ல சமாரியன் காயத்தில் வார்த்த எண்ணெயும், மாற்கு 6ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் நோயாளிகளுக்குப் பூசியதும் பரிமளதைலம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. பெத்தானியாவில் இயேசுவின் சிரசில் ஊற்றப்பட்ட நளதம் வேறு வகை. இமயமலைச் சரிவுகளில் விளையும் அந்த வேர், நம் நாட்டு மருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. முந்நூறு பணத்துக்கு மேல், அதாவது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஓராண்டு ஊதியம் பெறுமான அந்தத் தைலத்தை எவரும் முழங்கால் வலிக்குத் தேய்த்திருக்க மாட்டார்கள்.

யாக்கோபு 5:14இல் வரும் கிரேக்க வினைச்சொல்லும் கவனிக்கத் தக்கது. ‘கிறிஸ்து’ என்னும் பெயர் பிறந்த ‘கிரியோ’ அன்று அது, ‘அலைஃபோ’. எண்ணெயிட்டுப் பூசுதல், தேய்த்தல் என்பதற்கான அன்றாடச் சொல். கிரேக்க உடற்பயிற்சிக் கூடங்களில் வீரர்களின் உடலில் எண்ணெய் தேய்த்துப் பயிற்றுவித்தவருக்கு ‘அலைப்டேஸ்’ என்றே பெயர். மூப்பரை அழைக்கச் சொன்ன அப்போஸ்தலன் ஜெபத்தோடு கையின் தொடுதலையும் சேர்த்தே கேட்கிறார்.

416ஆம் ஆண்டில் ரோமின் ஆயர் முதலாம் இன்னொசெந்து எழுதிய கடிதமொன்று, ஆயர் ஆசீர்வதித்த எண்ணெயை விசுவாசிகள் யாவரும் தங்கள் தேவைக்குப் பூசிக்கொள்ளலாம் என்கிறது. பிற்காலத்தில் மேற்குத் திருச்சபையில் அது குருக்களின் கைக்கு மட்டும் உரியதாகி, சுகமாவதற்கான எண்ணெய் சாவதற்கான எண்ணெயாயிற்று. மரணப்படுக்கையின் கடைசிச் சடங்காகவே மக்கள் அதை அஞ்சினர். நம் பக்கத்தாரும் குறைந்தவர்கள் அல்லர். 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில் நோயாளிக்கு எண்ணெய் பூசும் முறை இருந்தது. 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. எண்ணெயை நீக்கியதோடு தொடுதலும் போயிற்று என்பது என் எண்ணம். 1972இல் ரோமத் திருச்சபை தன் முறையைத் திருத்தியபோது, ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயும் போதும் என்று அனுமதித்தது.

இன்றைய குப்பிகளின் வரலாறு முற்றிலும் வேறு. வேதாகம காலத்தில் நறுமணப் பொருள்களை எண்ணெயில் ஊறவைத்தும் காய்ச்சியும் எடுத்தார்கள். இக்காலத்தில் பெரும்பாலும் நீராவியால் வடித்துச் செறிவான சாரமாக எடுக்கிறார்கள். இதற்கு ‘அரோமாதெரபி’ என்று பெயரிட்டுப் பரப்பியவர் ரெனே மொரிஸ் கட்டஃபோசே என்னும் பிரெஞ்சு வேதியியலாளர். 1910இல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் வெந்து அழுகத் தொடங்கிய தம் கைகளை லாவெண்டர் சாரத்தால் கழுவியதில் அழுகல் நின்றதாக 1937இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அது ஒருவரின் அனுபவச் சாட்சி. மருத்துவ நிரூபணம் ஆகாது. சாரங்களை வேறு எண்ணெயில் நீர்க்கச் செய்து உடலில் தேய்க்கும் முறையை வளர்த்தவர் மார்கரீட் மோரி என்ற தாதி. 30 மில்லி எண்ணெய்க்குப் பத்துப் பன்னிரண்டு துளிகள் என்பதே பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பட்டைகளின் சாரத்துக்கு அதுவும் மிக அதிகம். அவை தோலை எரித்து ஒவ்வாமையை உண்டாக்கும். முதியோரின் மெல்லிய தோலில் நேரடியாக விடவே வேண்டாம்.

படுக்கையில் இருக்கும் தாய் தந்தையரின் கால்களை நீங்கள் பிடித்துவிட விரும்பினால், உங்கள் அடுக்களையிலுள்ள தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி எடுத்துச் செல்லுங்கள். கால் வீங்கிச் சிவந்திருந்தால் தேய்க்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுச் சந்திப்புக்கு வரும் மூப்பர்களிடம் சிறு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது வாசனையற்ற எண்ணெய்தான்.